தெரிந்த குரல்

மருதம் சிப்பைக் கெர்னலிலிருந்து எடுத்துவிடப் போகிறார்கள் என்ற மின்னஞ்சல் வந்தபோது நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் விட்டால் காய் வீணாகிவிடும் என்பதால் மீதியையும் நறுக்கி முடித்துவிட்டுத்தான் கவலைப்பட உட்கார்ந்தேன்.

கெர்னல் என்பது ஒரு கருவிக்குள் முதலில் கண் விழிக்கும் மென்பொருள். அதுதான் மற்றவற்றை எழுப்பி, யாருக்கு எவ்வளவு இடம், யார் எப்போது வேலை செய்யலாம் என்று தீர்மானிக்கும். மூலநிரல் உலகம் முழுமைக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு சிப் வகைக்கும் ஏற்ற மாதிரி அதைத் தனியாகக் கட்டி எடுக்க வேண்டும். கட்டுவதற்கு முன் அது கேள்வி கேட்கும். இந்த வசதி வேண்டுமா, அந்த வசதி வேண்டுமா, ஆமா, இல்லையா என்று சில ஆயிரம் கேள்விகள். பெண் பார்க்க வருகிறவர்கள்கூட அவ்வளவு கேட்க மாட்டார்கள்.

மருதம் என்ற சிப் வகையை இப்போது யாரும் செய்வதில்லை. அதை வைத்துக் காது கேளாதவர்களுக்குச் செவிச்சில்லு செய்த சுநாதம் கம்பெனியும் ஒன்பது வருஷத்துக்கு முன்பே மூடிவிட்டது. உலகத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் மருதம் சிப்புகள் நாற்பது இருந்தால் அதிகம். அதில் ஒன்று என் மனைவி உலகம்மையின் இடது காதுக்குப் பின்னால், எலும்புக்குள் இருக்கிறது. அந்த நாற்பது பேருக்காக மருதத்தைக் கெர்னலில் உயிரோடு வைத்திருந்தவன் நான் ஒருவன்தான். பெயர் பால்வண்ணன், ஊர் தென்காசி.

அன்று சாயங்காலம் உலகம்மை வேலையிலிருந்து வந்ததும் என் முகத்தைத்தான் முதலில் பார்த்தாள். அவள் எப்போதும் அப்படித்தான். இருபத்து மூன்றாவது வயதில் ஒரு காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டது. எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது உதட்டையும் முகத்தையும் படித்துத்தான் பேசிக்கொண்டிருந்தாள். சில்லு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

"என்ன, மூஞ்சி தொங்கிக் கெடக்கு?"

"மருதத்த எடுக்கப் போறாங்களாம்."

"எங்க இருந்து?"

"கெர்னல்ல இருந்து."

"என் தலைக்குள்ள இருந்து இல்லல்லா? அப்ப கை கழுவிட்டு வாங்க."

சாப்பிடும்போது விளக்கினேன். சித்திரையிலிருந்து நாடு முழுக்கக் கருவிகளின் பழைய பாதுகாப்புப் பூட்டு முறையை நிறுத்துகிறார்கள். புதுப் பூட்டு இல்லாத கருவியோடு எந்தச் சார்ஜரும் பேசாது. சார்ஜ் ஏறாவிட்டால் அவள் காது நாலாம் நாள் அடங்கிவிடும். புதுப் பூட்டு, வரப்போகும் கெர்னலில் இருக்கிறது. மருதம் இருக்கப்போகும் கடைசிக் கெர்னலும் அதுதான்.

"அப்ப அத வச்சிக் கட்டிற வேண்டியதுதான?"

"கட்டலாம். இடம் பத்தாது. பூட்டு பெருசு. எதையாவது எடுக்கணும்."

"எடுங்க. ஆனா காத்தாலச் சத்தத்துல மட்டும் கை வச்சிராதிய" என்று சொல்லி ரசத்தை ஊற்றிக்கொண்டாள்.

அவள் சுரண்டைப் பக்கம் காற்றாலைகளில் வேலை பார்க்கிறாள். நூறு மீட்டர் ஏறி, கியர் பாக்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் சாய்த்துக் கேட்பாள். எந்தப் பேரிங் இன்னும் மூன்று மாதத்தில் போகும் என்று சொல்லிவிடுவாள். உணர்கருவிகள் எல்லாம் பொருத்தித்தான் வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சந்தேகம் வந்தால் மேலாளர் உலகம்மையைத்தான் கூப்பிடுவார். காது கேட்காமல் ஆறு வருஷம் இருந்தவள் இப்போது காதால் பெயர் வாங்கியிருக்கிறாள். அதில் எனக்கு அவளைவிடப் பெருமை.

என்னைப் பற்றியும் ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்குக் கோபம் வரும், வந்தால் சத்தத்தோடு வரும். சோறு குழைந்தால் வரும். சாவி வைத்த இடத்தில் இல்லாவிட்டால் வரும். சாவியை இடம் மாற்றி வைத்ததே நான்தான் என்று தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வரும். "ஏட்டி, உனக்கு அறிவிருக்கா" என்று நான் வீடு அதிரக் கத்தினால் உலகம்மை சிரிப்பாள். சில சமயம் கன்னத்தைக்கூடக் கிள்ளுவாள். "ஒன்ன வச்சி மேய்க்கிறதுக்கு அவளுக்குக் கோயில் கட்டணும்" என்று என் அம்மா சாகும் வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தப் பொறுமையை நம்பித்தான் நானும் கத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். தேவையில்லாதவற்றை எல்லாம் வெட்டினேன். காதுக்குள் யாரும் பிரிண்டர் மாட்டப் போவதில்லை. பிழை தேடும் வசதிகளை எடுத்தேன். பிழைச் செய்திகளின் எழுத்தைக்கூடக் குறைத்தேன். மூன்று நாள் இப்படிச் சுரண்டிய பிறகும் நானூற்றுப் பன்னிரண்டு கே.பி. அதிகமாக இருந்தது. பெரிய உருப்படிகள் இரண்டுதான் மிச்சம். ஒன்று அகல அலைவரிசை. பேச்சு அல்லாத சத்தங்கள், அதாவது இயந்திரம், மழை, குருவி எல்லாம் அதன் வழியாகத்தான் வரும். இன்னொன்றின் பெயர் "தெரிந்த குரல் மீட்டுருவாக்கம்". இரண்டில் எதை எடுத்தாலும் போதும்.

இரண்டாவதை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். அது என்ன செய்கிறது என்று எனக்குச் சரியாகத் தெரியாது. கெர்னல் கட்டுகிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புதுப் பதிப்பு வந்தால் புதுக் கேள்விகள் வரும். பெரும்பாலும் முன்கூட்டியே ஒரு பதில் போட்டிருப்பார்கள், என்டரை அமுக்கினால் அது நிலைத்துவிடும். முதல் பத்துக் கேள்வியைப் படிப்போம். அப்புறம் விரலை என்டர் மேல் வைத்து அப்படியே அமுக்கிக்கொண்டு டீ குடிப்போம். பதினேழு வருஷத்துக்கு முன் உலகம்மைக்காக முதல் கெர்னல் கட்டியபோது நானும் அதைத்தான் செய்திருந்தேன். கம்பெனி கட்டிக் கொடுத்ததை நம்பாமல், என் மனைவி காதுக்கு நானே கட்டுவேன் என்று மூலநிரலை வாங்கி வந்து செய்த லட்சணம் அது.

இப்போது அந்தக் கேள்வியின் உதவிக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். "பதிவு செய்த குரலைத் தெளிவாகக் கேட்க உதவும். சந்தேகம் இருந்தால் ஆம் என்று வைக்கவும்" என்று இரண்டே வரி இருந்தது. எழுதியவர் பெயர் லூர்துமேரி. சுநாதத்தில் வேலை பார்த்த பெண், இப்போது தூத்துக்குடியில் ஒரு கப்பல் கம்பெனிக்கு நிரல் எழுதுகிறாள். போன் போட்டேன்.

"லூர்து, தெரிந்த குரல்னு ஒரு ஆப்ஷன் இருக்கே, நீ எழுதுனதுதான?"

"அது இன்னுமா இருக்கு அண்ணாச்சி?"

"நானூத்தம்பது கே.பி.யத் தின்னுட்டு உக்காந்திருக்கு. எடுத்தா என்ன ஆகும்? கொஞ்சம் இரைச்சல் கூடுமா?"

"அதுல யாரு குரல் பதிஞ்சிருக்கு?" என்று கேட்டாள்.

"என் குரல் மட்டுந்தான்."

"எப்ப பதிஞ்சிய?"

"சில்லு வச்ச அன்னைக்கு."

"அதுக்கப்புறம் பதியலையா? வருசத்துக்கு ஒரு தடவ புதுசாப் பதியணும்னு கையேட்டுல போட்டிருந்தமே."

"கையேட்ட யாரு படிச்சா?"

"அது இரைச்சல வடிகட்டுறது இல்ல அண்ணாச்சி" என்றாள். "அந்தக் காலத்து மைக்குக்குப் பேச்சையும் இரைச்சலையும் பிரிக்கத் தெரியாது. அதனால ஒரு குறுக்கு வழி செஞ்சோம். பதிஞ்ச ஆளு பேசுதாருன்னு தெரிஞ்சா, அவரு சொல்லுத வார்த்தைய மட்டும் எடுத்துக்கிடும். குரலத் தூரப் போட்டுரும். அந்த வார்த்தையப் பழைய பதிவுல உள்ள குரல்ல புதுசாச் செஞ்சு காதுக்குள்ள விடும்."

"அப்ப நான் பேசுதது?"

"நீங்க பேசுத வார்த்தை மதினிக்குக் கேக்கும். குரல் மட்டும், பதிஞ்ச அன்னைக்கு எப்பிடி இருந்துதோ அதேதான். என்னைக்கும்."

"கத்துனா?"

"சத்தத்தையும் ஒரே அளவா ஆக்கிரும்."

"அழுதா?"

"வார்த்தை மட்டுந்தான் கேக்கும் அண்ணாச்சி." அவளே மேலும் சொன்னாள். "பெரும்பாலும் சடைஞ்சுபோய்த்தான் வாசிப்பாங்க. இருவது நிமிசம் எதையாவது வாசிக்கணும்லா. நீங்க எப்பிடி வாசிச்சிய?"

அன்று கையில் கிடைத்தது தென்காசி பஸ் நிலையத்தின் கால அட்டவணை. மதுரைக்கு நாலு பத்து, ராஜபாளையத்துக்கு நாலு இருபத்தைந்து என்று இருபது நிமிஷம் வாசித்தேன். எதிரே அவள் தலையில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கல்யாணம் ஆகி மூன்று வருஷத்துக்குப் பிறகு என் மனைவி என் குரலை முதன்முதலில் கேட்கப் போகிறாள். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக எதையும் வாசித்ததில்லை.

"அந்த உதவிக் குறிப்ப நாந்தான் எழுதுனேன்" என்றாள் லூர்து. "அன்னைக்கு எனக்கே சந்தேகமாத்தான் இருந்துது."

போனை வைத்துவிட்டுக் கணினி முன் போய் உட்கார்ந்தேன். பிறகு செய்தது நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ளக்கூடியது அல்ல. தெரிந்த குரலுக்கு ஆம் என்றும், அகல அலைவரிசைக்கு இல்லை என்றும் வைத்து ஒரு கெர்னல் கட்டினேன். அளவு சரியாகப் பொருந்தியது. அவளுக்கு நாற்பத்தாறு வயது ஆகிறது, இன்னும் எத்தனை நாள் கோபுரம் ஏறுவாள், கீழே உட்கார்ந்து பார்க்கிற வேலை தருவார்கள், அது நல்லதும்கூட என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் நிஜக் குரலைக் கேட்டால் அவள் என்னோடு எதற்கு இருக்கப் போகிறாள் என்ற கேள்வியை மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை. அது தானாகவே உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். முதல் நாள் ஒரு கியர் பாக்ஸில் பிடித்த கோளாறைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "ஒரு பல்லு மட்டும் கரகரங்குது. ஒருத்தனுக்கும் கேக்கல. எனக்கு நல்லாக் கேட்டுது" என்றாள். நான் வாசற்படியில் நின்றபடி, முகம் அவளுக்குத் தெரியாத இடத்திலிருந்து, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

"ஏட்டி, இன்னும் எவ்வளவு நேரந்தான் அப்பளம் பொரிப்ப?"

பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. உலகம்மை திரும்பக்கூட இல்லை. "இந்தா ஆச்சு, ராசா" என்று கொஞ்சினாள்.

அந்த இடத்தில்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது. பதினேழு வருஷம் இந்த வீட்டில் நான் பேசியது எதுவுமே அவளிடம் போய்ச் சேரவில்லை. பஸ் நேரம் வாசித்த ஒருவனோடு அவள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறாள், நான் ஓரமாக நின்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அதோடு என் அக்கா இறந்த நாளும் நினைவுக்கு வந்தது. பதினோரு வருஷம் ஆகிறது. திருநெல்வேலியில் ஒரு ஆஸ்பத்திரியின் கார் நிறுத்துமிடத்திலிருந்து உலகம்மைக்குப் போன் செய்தேன். அக்கா முடிஞ்சிட்டா என்றேன். நீ வர வேண்டாம், நான் பாத்துக்கிடுதேன் என்றேன். அந்தக் குரலைக் கேட்ட எந்த மனுஷியும் கிடைத்த பஸ்ஸில் ஏறி வந்திருப்பாள். அவள் "அப்பிடியா, சரி, பாத்து வாங்க" என்று வைத்துவிட்டாள். சாயங்காலம் வரை நான் தனியாகவே எல்லாவற்றையும் முடித்தேன். அவளை அதற்காக நான் ஒரு வார்த்தை கேட்டதில்லை, மன்னித்ததும் இல்லை.

அப்பளத் தட்டோடு வந்தவளை உட்காரச் சொன்னேன். முகத்துக்கு நேரே உட்கார்ந்து, ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். என்டரை அமுக்கியது, பஸ் அட்டவணை, லூர்து சொன்னது எல்லாம். அவள் வேலை போகிற மாதிரி ஒரு கெர்னல் கட்டி வைத்திருப்பதையும் சொன்னேன். பாதியிலேயே அவள் என் கண்ணைப் பார்ப்பதை விட்டுவிட்டு உதட்டை மட்டும் பார்க்க ஆரம்பித்தாள்.

"அப்ப நீங்க கத்துவியளா?" என்று கேட்டாள்.

"கத்துவேன்."

"எங்கிட்டயா?"

"உங்கிட்டதான். தெனமும்."

"ஜெபராணி எப்பப் பாத்தாலும் 'எப்பிடிக்கா பொறுத்துக்கிடுத'ம்பா. அவளுக்குப் பொறாமைன்னு நெனச்சேன்."

ஜெபராணி பக்கத்து வீடு.

"உங்க மூஞ்சியப் பாத்தா வெடிக்கப் போற மாதிரி இருக்கும்" என்றாள். "நரம்பெல்லாம் பொடச்சிக்கிட்டு நிக்கும். ஆனா குரலு அவ்வளவு பதமா வரும். இந்த மனுசன் இவ்வளவு கோவத்தையும் உள்ள வச்சிக்கிட்டு, எங்கிட்ட மட்டும் இப்பிடிப் பேசுதாகளேன்னு நெனப்பேன். அதுக்குத்தான் கன்னத்தக் கிள்ளுவேன். எனக்காக அடக்குதியன்னு நெனச்சேன்."

அவளுடைய பொறுமையை நம்பி நான் கத்தியிருக்கிறேன். என்னுடைய பொறுமையை நம்பி அவள் சிரித்திருக்கிறாள். இரண்டு பேரிடமும் இல்லாத ஒன்றை வைத்து இத்தனை வருஷம் நன்றாகவே வாழ்ந்திருக்கிறோம்.

"உங்க அக்கா போன அன்னைக்கு?" என்று கேட்டாள்.

"அழுதுக்கிட்டுதான் பேசுனேன்."

"வர வேண்டாம்னு சிரிச்சிக்கிட்டுச் சொன்ன மாதிரி இருந்துது எனக்கு. அக்கா மேல இவியளுக்கு இவ்வளவுதானா பாசம்னு அன்னைக்கு உங்கள நெனச்சே எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. கேக்கக் கூடாதுன்னு விட்டுட்டேன்." அவள் அழ ஆரம்பித்தாள். "நான் வந்திருப்பேன். கேட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்."

அன்று நாங்கள் சாப்பிடவில்லை. அவள் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் வேலைக்குப் போகும் வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நான் போய்க் கூப்பிடவும் இல்லை. எந்தக் குரலில் கூப்பிடுவது என்று தெரியவில்லை. செருப்பை மாட்டும்போது மட்டும் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். "அந்த ஆப்ஷன எடுத்துருங்க. எனக்கு என் காத்தாலையும் வேணும். நீங்க யாருன்னும் தெரியணும்."

எடுத்தேன். இந்த முறை ஒவ்வொரு கேள்வியையும் படித்துப் பதில் சொன்னேன், இரண்டு நாள் ஆனது. புதன்கிழமை காலை அவளை நாற்காலியில் உட்காரவைத்து, புதுக் கெர்னலை ஏற்றும் வளையத்தைக் காதுக்குப் பின்னால் ஒட்டினேன். பழைய கெர்னல் நின்று புதியது எழும்ப நாற்பது வினாடி. அந்த நாற்பது வினாடி அவள் மறுபடியும் எதுவும் கேட்காதவளாக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே குருவி கத்தியதும் அவள் கண் ஜன்னல் பக்கம் போனது.

"பேசுங்க" என்றாள்.

என்ன பேசுவது? "உலகு" என்று கூப்பிட்டேன்.

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இன்னொரு தடவ" என்றாள். மறுபடி கூப்பிட்டேன்.

"உங்களுக்கு வயசாயிட்டு" என்றாள். பிறகு எழுந்து தோசைக்கல்லை அடுப்பில் வைத்தாள்.

அதற்கப்புறம் இரண்டு வாரம் நான் ஒரு முறைகூடக் கத்தவில்லை. திருந்திவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், எனக்குப் பயமாக இருந்தது. சாவி காணாமல் போனபோது பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லத் தேடினேன். சோறு குழைந்தபோது, நன்றாக இருக்கிறது என்றேன். உலகம்மைக்கு அது பொறுக்கவில்லை.

"உண்மையச் சொல்லுங்க. அத எடுக்கலதான?"

"எதை?"

"தெரிஞ்ச குரல. முன்ன மாதிரியேதான் பதமாக் கேக்குது. வயசான குரலாப் புதுசா ஒண்ணு பதிஞ்சு வச்சிட்டு என்ன ஏமாத்துதிய."

கோப்பைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். தெரிந்த குரல் மீட்டுருவாக்கம், அமைக்கப்படவில்லை என்று இருந்தது. அவள் இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப கத்துங்க, பாப்போம்."

"சும்மா எப்பிடிக் கத்துவாங்க?"

"பதினேழு வருசம் சும்மாதான கத்துனிய?"

முயற்சி செய்தேன், வரவில்லை. இருமல்தான் வந்தது. அவள் சிரித்துக்கொண்டே வேலைக்குக் கிளம்பினாள். ஆனால் நம்பவில்லை என்று தெரிந்தது. என்னையும் ஒரு கோளாறுள்ள இயந்திரமாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மருதத்தை நீக்கியது ஒரு வியாழக்கிழமை, மத்தியானம் மூன்று மணிக்கு. பேட்ச் என்று சொல்லும் திருத்தம், ஒரே ஒன்றுதான். அறுபத்தோராயிரம் வரிகள் கழிந்தன. யாரோ ஒரு நல்ல மனிதர் அடியில் "இத்தனை நாள் பார்த்துக்கொண்ட பால்வண்ணனுக்கு நன்றி" என்று எழுதியிருந்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் பதினேழு வருஷ உழைப்பு போனதில் வருத்தம் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதுவல்ல என்னைப் பிடித்து உலுக்கியது. வேறொன்று. அதை நினைக்கவே பிடிக்காமல் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். அப்போது போன் அடித்தது.

"வரும்போது தேங்கா வாங்கணுமா?" என்றாள் உலகம்மை. பின்னால் காற்று இரைந்தது.

"வேண்டாம்."

"சாப்ட்டியளா?"

"ஆச்சு."

"என்ன செய்யுதிய?"

"ஒண்ணுமில்ல. நீ வேலையப் பாரு."

"சரி" என்று வைத்துவிட்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். கெர்னல் மாறினால் மனுஷி மாறிவிடுவாளா என்று கசப்பாகக்கூட நினைத்தேன். முக்கால் மணி நேரம் கழித்து வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. கோபுரம் ஏறும்போது மாட்டும் பெல்ட்டைக்கூடக் கழற்றாமல், கொக்கிகள் தொடையில் இடிக்க, உலகம்மை படியேறி வந்தாள். தலைமுடி முழுக்க மண்.

அவளைப் பார்த்ததும் இரண்டு வாரமாக வராதது வந்துவிட்டது.

"ஏட்டி, உனக்கு அறிவிருக்கா? காத்து சீசன் நேரத்துல வேலையப் போட்டுட்டு வந்திருக்க. லாரி போற ரோடு. இந்தக் காத்துல ஸ்கூட்டர என்ன வேகத்துல ஓட்டியிருந்தா இந்நேரத்துக்கு வந்திருப்ப? நாந்தான் ஒண்ணுமில்லன்னு சொன்னம்லா. எவனாவது அடிச்சுப் போட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்? யாரு உன்ன வரச் சொன்னா?"

நாய் குரைத்தது. ஜெபராணி வீட்டு ஜன்னல் திறந்தது. உலகம்மை அசையவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எதிரே நின்று நான் பேசும்போது அவள் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டதை அதற்கு முன் நான் கண்டதில்லை. எனக்கு அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று உறைத்தது. வாயை மூடினேன்.

"நிறுத்தாதிய" என்றாள் கண்ணைத் திறக்காமல். "இன்னும் கொஞ்சம் கத்துங்க."

"போதும்ட்டி. தெரியாமக் கத்திட்டேன்."

"இது கோவம் இல்லயே."

"பின்ன என்னவாம்?"

அவள் கண்ணைத் திறந்தாள். "மூஞ்சி கோவம்னுதான் சொல்லுது. இவ்வளவு நாளும் அதத்தான் நம்புனேன். குரலு அப்பிடிச் சொல்லலயே. கிடுகிடுன்னு ஆடுது. நீங்க பயந்து போயிருக்கிய. போன்லயும் அதேதான் கேட்டுது. என்ன பயம் உங்களுக்கு?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வேறு வந்தது.

"மருதம் போயிட்டு உலகு. இனிமே உன் காதுல ஒரு கோளாறு வந்தா, அதக் கட்டத் தெரிஞ்சவன் உலகத்துல நான் ஒருத்தந்தான். எனக்கு அம்பத்திரண்டு ஆகுது. சக்கர இருக்கு. நான் போனப் பெறவு உன் காத யாரு பாப்பா?"

அவள் படியில் உட்கார்ந்தாள். கொக்கிகள் கல்லில் தட்டின. என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இதச் சொல்லத்தான் இத்தன வருசமாக் கத்துனியளா?" என்று கேட்டாள்.

நான் தலையை ஆட்டினேன்.

"தலைய ஆட்டாதிய. வாயத் தொறந்து சொல்லுங்க."

"ஆமா" என்றேன்.